எதிர்முனைத் திரைக்காக ஓர் அமைப்புக் கோப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியில் செய்திகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் நிரலான செய்தி வாசிப்பானைப் புதிதாக நிறுவியவர் முதலில் கை வைப்பது நிறங்களில்தான். பின்னணி நீலமா கறுப்பா, மேற்கோள் வரி மஞ்சளா பச்சையா என்று ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிறங்கள் அவர் திரையோடு நின்றுவிடுகின்றன; அவர் எழுதும் செய்தியோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. பயணம் செய்கிற அமைப்புகள் வேறு. பி.பி.எஸ். உலகில் அவற்றைத்தான் பலர் நிரலோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பில் இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். இன்று அவற்றைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

பி.பி.எஸ். (புல்லட்டின் போர்டு சிஸ்டம், அதாவது கணினி அறிவிப்புப் பலகை) என்பதை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. வெளியிலிருந்து அழைத்து உள்ளே வருகிறவர்கள் செய்தி படிக்கலாம், பதில் எழுதலாம், கோப்புகளை எடுக்கலாம். இந்த வகையில் முதலாவது 1978 பிப்ரவரி 16 அன்று சிகாகோவில் இயங்கத் தொடங்கியது. வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் அதை உருவாக்கினார்கள். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் ஃபிடோநெட்டைத் தொடங்கினார். கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் ஒரு பலகை மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து அஞ்சலைக் கைமாற்றும் வலையமைப்பு அது. 1990களின் நடுவில் அதன் முனைகள், அதாவது அதில் இணைந்திருந்த கணினிகள், 30,000ஐத் தாண்டின. இப்போது பெரும்பாலான அஞ்சல் இணையம் வழியாகவே போய்வருகிறது. முனைகள் வெகுவாகக் குறைந்துவிட்டாலும் பலகைகள் மூடப்பட்டுவிடவில்லை.

இந்த அஞ்சலைப் படிக்கவும் எழுதவும் உருவான நிரல்களில் பெயர் பெற்றது கோல்டெட். டென்மார்க்கைச் சேர்ந்த ஓடின் சோரென்சன் எழுதியது. பிறகு மூலநிரல் பொதுவில் வந்தது. மற்றவர்கள் அதை கோல்டெட் பிளஸ் என்று வளர்த்தார்கள். அதன் அமைப்பெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கிறது. வரிக்கு ஒரு கட்டளைச்சொல், அதன் பக்கத்தில் மதிப்பு. இப்படி நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டு. பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். உண்மையில் பத்துப் பன்னிரண்டைப் புரிந்துகொண்டு எழுதினால் போதும்; மற்றவை தம் இயல்பு மதிப்பில் கிடக்கட்டும்.

பெயரும் முகவரியும் முதலில். ஃபிடோநெட் முகவரி மண்டலம், முக்காற்புள்ளி, வலை, சாய்கோடு, முனை என்ற வரிசையில் அமையும். 2 முக்காற்புள்ளி 5020 என்று தொடங்கினால் ஐரோப்பிய மண்டலத்தில் மாஸ்கோ வலை. இதைத் தவறாக எழுதினாலும் பொது விவாதப் பகுதியில் உங்கள் செய்தி போய்ச் சேர்ந்துவிடக்கூடும், எல்லோரும் படிப்பார்கள். ஆனால் அதைப் பார்த்து ஒருவர் தனி அஞ்சல் எழுதினால் அது வேறெங்கோ போகும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கோ நீங்கள் பதில் போடாத மனிதர். ஒன்றுக்கு மேற்பட்ட வலையமைப்புகளில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. மண்டலம் 21ஐப் பயன்படுத்தும் எஃப்எஸ்எக்ஸ்நெட் என்ற வேறொரு வலையமைப்பின் பகுதியில் ஃபிடோநெட் முகவரியோடு எழுதிவிடுவார்கள். கோல்டெட்டில் பகுதிகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு முகவரி என்று எழுதிவைக்க வழி இருக்கிறது. ஒருமுறை செய்துவிட்டால் பிறகு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெயரிலும் கவனம் வேண்டும். உங்களுக்கு வந்த செய்திகளைத் தேடித் தரும்போது வாசிப்பான் பெறுநர் பெயரை இந்த வரியோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. பலகையில் ஒரு விதமாகவும் இங்கே வேறு விதமாகவும் பெயரை எழுதியிருந்தால், உங்களுக்கென வந்த செய்தி மற்ற செய்திகளோடு கலந்து கிடக்கும். ஜாம் என்ற செய்திக் களஞ்சிய வடிவத்தில் இன்னொரு சங்கதி. எந்தச் செய்திவரை படித்தீர்கள் என்பதை அது உங்கள் பெயரிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணின் கீழ்தான் குறித்துவைக்கிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் நீங்கள் புது ஆள். பழைய செய்தியெல்லாம் மறுபடி படிக்காததாக வந்து நிற்கும்.

அடுத்தது மேற்கோள். ஃபிடோநெட்டில் மேற்கோள் வரிக்கு முன்னால் எழுதியவரின் பெயரின் முதலெழுத்துகளும் ஓர் அம்புக்குறியும் வரும். யார் சொன்னது என்பது மூன்றாம் சுற்றுப் பதிலிலும் தெளிவாகத் தெரியும். மின்னஞ்சலில் வெறும் அம்புகள் அடுக்கடுக்காக நிற்பதைவிட இது மேல் என்பதே இன்றுவரை என் கருத்து. சிக்கல் அகலத்தில் வருகிறது. திரை 80 எழுத்து அகலம். ஏற்கெனவே 78 எழுத்துக்கு வெட்டிய வரிக்கு முன்னால் முதலெழுத்துகளையும் அம்பையும் ஒட்டினால் வரி வழிந்து, கடைசிச் சொல் மட்டும் தனியாக அடுத்த வரியில் விழும். அடுத்தவர் அதை மேற்கோளாக்கினால் இன்னொரு சொல் விழும். நான்கு பதில்களுக்குப் பிறகு ஒரு நீண்ட வரி, ஒற்றைச் சொல், நீண்ட வரி, ஒற்றைச் சொல் என்று பல் உடைந்த சீப்பாக நிற்கும். மேற்கோள் ஓரத்தை 75 அளவில் வைத்து, பத்தியை நிரலே மறுபடி மடிக்கும்படி விட்டுவிட்டால் இது நேராது.

நீங்கள் எழுதும் பத்திக்கும் இதே கதிதான். பத்தி முடியும்போது மட்டும் வரி முறிய வேண்டும்; நடுவில் மடிப்பது படிப்பவரின் திரை செய்துகொள்ள வேண்டிய வேலை. ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் விசையைத் தட்டும் பழக்கத்தைத் தட்டச்சுப்பொறியோடு விட்டுவிடலாம்.

இந்த மடிப்பிலிருந்துதான் நான் விரிவாகச் சொல்ல விரும்பும் கதை பிறக்கிறது. ஃபிடோநெட்டின் முதல் தொழில்நுட்ப ஆவணத்தில் ஒரு விதி உண்டு. பத்தி முடிவுக்கு 13 என்ற பைட் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் 0 முதல் 255 வரையான எண்). எழுதும் நிரல் தானாக மடித்த இடத்தைக் குறிக்க 141 என்ற பைட். அது ‘மென்மையான’ முறிவு, படிக்கும் நிரல் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டும் எழுதியவர்களுக்கு இதில் எந்த இழப்பும் இல்லை. ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128க்குக் கீழே முடிந்துவிடுகின்றன.

பிறகு ரஷ்யர்கள் வந்தார்கள். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்ல அவர்கள் பயன்படுத்திய கோட்பேஜ் 866 அட்டவணையில் 141 என்பது ஓர் எழுத்து: ‘ன’ ஒலிக்குரிய பெரிய எழுத்து. விதியை மதித்து நடந்த ஒவ்வொரு நிரலும் அதை விழுங்கியது. மற்ற எழுத்தெல்லாம் பத்திரமாக வந்தன. அந்த ஒன்று மட்டும் வழியில் காணாமல் போனது. அதற்கு அவர்கள் கண்ட வழி மிக எளிமையானது. அந்த எழுத்து வடிவத்தில் ஆங்கில H எழுத்தைப் போலவே இருக்கும். ஆகவே அந்த இடத்தில் ஆங்கில H எழுத்தையே போட்டார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கோல்டெட்டிலும் இதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது. 141ஐ முறிவாகக் கருதாமல் எழுத்தாகவே காட்டு என்று சொல்லும் ஒற்றை வரி. ரஷ்ய மொழிப் பகுதியில் சேர்கிறவர் அதை எழுதாவிட்டால், பிறர் சரியாக எழுதியதும் அவர் திரையில் குறையாகவே தெரியும்.

இது அவர்கள் தொல்லை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்து அட்டவணையான யூனிகோடில் நம் புள்ளி, அதாவது மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி, யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது: 224, 175, 141. ஆம், அதே 141. பழைய விதியை அப்படியே பின்பற்றும் ஒரு நிரல் வழியில் இருந்தால் அது விழுங்கப்போவது நம் ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளியையும்தான். புள்ளி மட்டும் போய் எழுத்து உயிர்மெய்யாக நின்றாலாவது ஊகித்துப் படிக்கலாம், அதுவும் நடக்காது. மீதமுள்ள இரண்டு பைட்டுகள் அரைகுறையாக நின்று அந்த இடத்தில் கட்டமோ கேள்விக்குறியோ வரும்.

ஆகவே எழுத்துக்குறி அமைப்பை ஊகத்துக்கு விடக்கூடாது. செய்தியின் உள்ளே, சாதாரணமாகத் திரையில் தெரியாத கட்டுப்பாட்டு வரிகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்று, இந்தச் செய்தி எந்த எழுத்துக்குறியில் எழுதப்பட்டது என்று அறிவிக்கும். ரஷ்ய மொழிக்கு 866 என்றும், அட்டவணையின் வகையைக் குறிக்கும் நிலை எண் 2 என்றும் வரும். யூடிஎஃப்-8 என்றால் நிலை 4. உங்கள் கணினி உண்மையில் பயன்படுத்துவது ஒன்று, அமைப்புக் கோப்பு அறிவிப்பது வேறு என்று இருந்தால், எதிர்முனை நிரல் உங்கள் பேச்சை நம்பி எழுத்தை மாற்றிக் குழப்பும். எதுவும் அறிவிக்காமல் இருப்பதைவிடத் தவறாக அறிவிப்பது மோசம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற காலத்தில் பிறந்த கோல்டெட், தமிழில் எழுத வசதியான கருவி அல்ல. தமிழில் எழுதுகிறவர்கள் யூடிஎஃப்-8ஐ நன்கு அறிந்த வேறு வாசிப்பானை எடுத்துக்கொள்ளலாம். முகவரி, மேற்கோள், எழுத்துக்குறி பற்றி நான் சொன்னவை எந்த நிரலுக்கும் பொருந்தும்.

தலைப்பிலும் ஒரு கணக்கு உண்டு. பழைய வடிவத்தில் தலைப்புக்கு 72 பைட்டுகள், பெயருக்கு 36. இரண்டிலும் கடைசிப் பைட் முடிவுக்குறிக்குப் போய்விடும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள். எழுத்து, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். ஆக, தலைப்பில் 23 குறிகள்தான் கொள்ளும், பெயரில் 11. நீளமான தலைப்பு நடு எழுத்தில் அறுபட்டுப் போகும். உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், தலைப்பைக் குறுக்கிக்கொள்ளுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதே நடைமுறைக்கு நல்லது.

வேண்டாதவர்களின் செய்தியை மறைக்கும் வசதி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெயரைப் பட்டியலில் எழுதி, தாவிச் செல் என்று அமைத்தால் போதும். அழித்துவிடு என்ற தேர்வும் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். பலகையை நடத்துகிறவரின் கணினியில் செய்திக் களஞ்சியம் எல்லோருக்கும் பொது. உங்கள் கோபத்தில் அழிவது மற்றவர்கள் இன்னும் படிக்காத செய்தி.

எழுதியது வெளியே போவதற்கும் ஒரு வரி வேண்டும். கோல்டெட் தானாக அஞ்சலை அனுப்புவதில்லை. எந்தெந்தப் பகுதியில் புதிதாக எழுதினீர்கள் என்று ஒரு சிறு கோப்பில் குறித்துவைக்கும். அஞ்சலைப் பிரித்துக் கட்டும் நிரல் அந்தக் கோப்பைப் பார்த்து அந்தப் பகுதிகளை மட்டும் அலசும். இரண்டு நிரல்களும் ஒரே கோப்பைப் பார்க்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். பார்க்காவிட்டால் செய்தி உங்கள் வட்டில் பத்திரமாக இருக்கும், ஆனால் ஊருக்குப் போகாது.

எல்லாம் முடிந்ததும் சோதனைக்கென்றே இருக்கும் பகுதிக்குப் போங்கள். விவாதம் நடக்கும் இடத்தில் சோதனை செய்தி போட்டால் யாருக்கும் பிடிக்காது. அங்கே ‘எழுத்துக்கள்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதி அனுப்புங்கள். வேறொரு முனையில் இருப்பவர் அதை மேற்கோளாக்கிப் பதில் போடட்டும். பதில் வந்ததும் கட்டுப்பாட்டு வரிகளைத் திரையில் காட்டச் சொல்லி, முகவரியையும் எழுத்துக்குறி அறிவிப்பையும் சரிபாருங்கள். பிறகு அந்தச் சொல்லில் மூன்று புள்ளிகளும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இருந்தால், நிறங்களை மாற்ற உட்காரலாம்.

வணக்கம்.