காது மிஷின் போட்ட பொம்மை, காது நல்லா கேக்குற பிள்ளைங்களுக்கும்தான்

வணக்கம் வணக்கம், எல்லாரும் எப்டி இருக்கீங்க? ரங்கூன்ல காலையிலேர்ந்து விடாம மழை, தகரத்துல சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க. நேரா விஷயத்துக்கு வர்றேன். இந்தா, இந்தப் பொம்மையப் பாருங்க. சாதாரண துணி பொம்மைதான், ஆனா காதுக்குப் பின்னாடி பாருங்க, கேமரா கிட்ட கொண்டு வர்றேன்... தெரியுதா? காது மிஷின். நீல கலர். எங்க அண்ணன் மக போட்டிருக்கறதும் இதே நீலம்தான், அவ பக்கத்துல உக்காந்து இங்க டியூப் வரணும், இங்க வளையணும்னு சொல்லச் சொல்ல நான் செஞ்சது.

போன வீடியோவுல இது ஓரமா தெரிஞ்சிச்சு, உடனே நிறைய பேர் கேட்டீங்க, அக்கா இது காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னு விக்கிறதான்னு. அவங்களுக்கு வேணும்தான், தன்ன மாதிரி ஒரு பொம்மை கையில இருக்கறது பெரிய விஷயம். ஆனா நான் சொல்ல வர்றது வேற. காது நல்லா கேக்குற பிள்ளைங்க இருக்குற வீட்லதான் இது கட்டாயம் இருக்கணும். ஏன்னா எங்க அண்ணன் மக கோவில் தமிழ் வகுப்புக்குப் போறா, புதுசா ஒரு பிள்ளை வந்து சேர்ந்தா முதல் கேள்வி காதுல என்னது, ரெண்டாவது, கையாலயே புடிச்சு இழுக்கறது. ஒவ்வொரு தடவையும் இவதான் நின்னு வெளக்கம் சொல்லணும். ஆறு வயசுப் பிள்ளை மேல ஏன் அந்த வேலைய வைக்கிறோம்? அந்தப் பிள்ளைங்க வீட்டு பொம்மை டப்பாவுல இந்த மாதிரி ஒண்ணு கிடந்திருந்தா, ஓ மிஷினான்னு கேட்டுட்டு வெளையாடப் போயிருப்பாங்க.

இன்னொண்ணும் இருக்கு. காது கேக்காம பொறக்குற பிள்ளைங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல காது கேக்குற அம்மா அப்பாவுக்குத்தான் பொறக்குறாங்க. அதாவது பெரும்பாலான அம்மாவுக்கு இதப் பத்தி முன்னப்பின்ன எதுவுமே தெரியாது. எங்க அண்ணி மிஷின முதமுதல்ல கிட்டத்துல பாத்ததே தன் பிள்ளை காதுலதான், அழுதாங்க, ரொம்ப அழுதாங்க. சின்ன வயசுலயே பொம்மையில பாத்துப் பழகியிருந்தா இவ்ளோ பயந்திருக்க மாட்டாங்கன்னு நான் நெசமாவே நம்புறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல, கேக்குறதுல குறை இருந்து உதவி தேவைப்படுற பிள்ளைங்க மட்டும் 3 கோடியே 40 லட்சம் பேர். இவ்ளோ பிள்ளைங்க இருந்தும் பொம்மைக் கடையில அவங்க மொகத்த ரொம்ப நாள் காணவே முடியலயே.

2015ல இங்கிலாந்துல ரெபெக்கா அட்கின்சன்னு ஒரு பத்திரிகைக்காரம்மா, அவங்களும் காது மிஷின் போட்டு வளந்தவங்கதான், டாய் லைக் மீன்னு, அதாவது 'என்ன மாதிரி பொம்மை'ன்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. கடையில வாங்குன பொம்மைகளுக்கு மிஷின், காக்ளியர் (ஆபரேஷன் பண்ணி வைக்கிற காது கருவி) எல்லாம் ஒட்டி ஃபோட்டோ எடுத்துப் போட்டாங்க, டிங்கர் பெல் தேவதைக்கு காக்ளியர் வச்ச ஃபோட்டோ இன்டர்நெட்ல எல்லா பக்கமும் பரவிடிச்சு. மறு வருஷம் 2016ல லெகோ சக்கர நாற்காலில உக்காந்த குட்டி ஆள கொண்டு வந்தாங்க. 2020ல அமெரிக்கன் கேர்ள் கம்பெனி ஜாஸ்னு ஒரு பொண்ணு பொம்மை விட்டாங்க, இடது காது பொறவிலயே கேக்காது, வலது காதுல மிஷின். 2022லதான் பார்பிக்கு முதமுதலா காதுக்குப் பின்னாடி வைக்கிற மிஷின் வந்திச்சு, ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேக்குறத சோதிக்கிற நிபுணர் ஒருத்தர கூட வச்சு செஞ்சாங்களாம், நல்ல விஷயம், மிஷின் எப்படி உக்காரும்னு தெரியாம செஞ்சா பிள்ளைங்க ஒரே பார்வையில கண்டுபுடிச்சிரும்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ஜாஸ்தான். ஏன்னா அவ கடல் அலையில பலகை வச்சு விளையாடுற பொண்ணு. மிஷின் போட்ட பொம்மைன்னாலே ஆஸ்பத்திரி செட்டுல நோயாளியா படுக்க வைக்கணும்னு இல்ல பாருங்க. எங்க வீட்டுப் பொம்மை கடை வச்சிருக்கு, மொஹிங்கா, அதான் நம்ம பர்மா மீன் நூடுல்ஸ் சூப், விக்கிது, பேரம் பேச வந்தா சண்டை போடுது.

அப்புறம் சைகை. மிஷின் போடாத, சைகையிலயே பேசுற பிள்ளைங்களும் நிறைய பேர் இருக்காங்க, அவங்கள இந்தக் கம்பெனிங்க அவ்வளவா நெனைக்கல. 2000 வாக்குல சைகை டீச்சர் பார்பின்னு ஒண்ணு வந்திச்சு, கை ஒரே ஒரு சைகையில அப்டியே நின்னுபோயிருக்கும், ஐ லவ் யூன்னு. அதுவும் அமெரிக்க சைகை. நம்ம ரங்கூன்ல காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னு 1920லேர்ந்து மேரி சாப்மன் பள்ளி இருக்கு, மண்டலேல 1964லேர்ந்து இன்னொண்ணு, ரெண்டு ஊர் சைகையே கொஞ்சம் வேற வேற, அந்த பார்பி இங்க வந்து என்ன பேசும்? அதுக்கு கையுறை பொம்மைதான் சரி, தலைய மட்டும் துணியில தச்சு, சட்டைக் கை வழியா நம்ம விரலே வெளிய வர்ற மாதிரி விட்டா நம்ம ஊர் சைகை எல்லாம் அது பேசும்.

சரி, வெளிநாட்டுப் பொம்மை வாங்க எல்லாருக்கும் வசதி இருக்காது, எனக்கும் இல்ல. அதனாலதான் சொல்றேன், இருக்கற பொம்மையில செய்யலாம். ஷ்வேடகோன் புத்தர் கோவில் படிக்கட்டுக் கடையில பிட்டாய்ண்டாவ்ன் பொம்மை விக்கிறாங்கல்ல, காகிதக் கூழுல செஞ்சது, தள்ளிவிட்டா திரும்ப எந்திரிச்சு நிக்கும், அதுல காதுப் பக்கம் பெயிண்ட்ல மிஷின் வரைஞ்சேன், இதோ. மூணு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு இப்டி வரையறது இல்லன்னா நூல்ல தைக்கிறதுதான் நல்லது, ஒட்டுனா பிச்சு வாயில போட்டுக்கும். பெரிய பிள்ளைன்னா களிமண்ணுல வாழைப்பழ வடிவுல சின்னதா உருட்டி, பழைய இயர்ஃபோன் வயர்ல ஒரு துண்டு சொருகி, நுனியில காதுக்குள்ள போற அச்ச வச்சா முடிஞ்சிச்சு. காக்ளியர்னா காதுக்குப் பின்னாடி மிஷினும், அங்கேர்ந்து வயர் போயி தலையில வட்டமா ஒரு பட்டனும் வரணும், அது தலையிலதான், காதுல இல்ல. தயவுசெஞ்சு நெசமான பேட்டரி மட்டும் எதுலயும் வைக்காதீங்க, காது மிஷின்ல போடுற அந்த 13 நம்பர் பட்டன் பேட்டரிய முழுங்கிட்டா ரொம்ப ஆபத்து.

கழட்டி மாட்டுற மாதிரி செய்யுங்க, அது முக்கியம். திஞ்சான், அதான் பர்மா புது வருஷ தண்ணி திருவிழா, அன்னைக்கு தெருவே தண்ணி ஊத்துது, எங்க அண்ணன் மக மிஷின கழட்டி வச்சிட்டுத்தான் எறங்கணும், அப்போ பின்னாலேர்ந்து கூப்ட்டா கேக்காது, தோளத் தொட்டுக் கூப்டணும். அத பெரியவங்க வாயால எத்தன தடவ சொன்னாலும் பசங்க மறந்துருவாங்க. பொம்மைக்கு கழட்டி டப்பாவுல போட்டு, தொட்டுக் கூப்ட்டு வெளையாண்டு பாத்ததுக்கப்புறம் எதிர் வீட்டுப் பையன் அவனாவே தோளத் தொட ஆரம்பிச்சிட்டான்.

உங்க ஊர்ல பாலர் வகுப்பு நடத்துற சயாமா, டீச்சரம்மா யாராச்சும் இருந்தா இந்த வீடியோவ அனுப்புங்க. வகுப்புக்கு செஞ்சு குடுக்கறதா இருந்தா மிஷின் மட்டும் கூட ரெண்டு மூணு உருட்டி வச்சிக்குங்க, ஒண்ணு எப்படியும் தொலைஞ்சுபோகும். அளவு வேணும்னா கமெண்ட்ல பொம்மை எவ்ளோ உயரம்னு போடுங்க, சொல்றேன்.