அன்னிக்கு ரயில், இன்னிக்குப் புத்தகம்

நடுவர் அவர்களே, வணக்கம். மூடிய ரயில் நிலையத்துக்கு உயிர் கொடுப்பது மறுபடி வரும் ரயிலா, மாற்றுப் பயன்பாடா என்பது கேள்வி. "ரயில் வராத நிலையம் சாமி இல்லாத கோயில்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார் எதிரணித் தோழி. சரி, அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போகிறேன். டிக்கெட் செலவு நடுவருடையது.

வடக்கே நார்தம்பர்லாந்தில் ஒரு சிறு நகரம். எழுதுவது அல்ன்விக், வாயில் வருவது அன்னிக். நம் காதில் 'அன்னிக்கு' என்றே விழும். 1850-இல் அங்கே கிளைப்பாதை வந்தது. நீளம் சுமார் மூன்றே மைல்! அதன் முனையில் 1887-இல் வில்லியம் பெல் கட்டிய நிலையமோ அண்ணாந்து பார்க்க வைக்கும். பிரபுவின் கோட்டை இருக்கிற ஊர், பந்தா வேண்டாமா? 1968-இல் பயணிகள் ரயில் நின்றது.

அப்புறம் அந்தக் கட்டடத்தில் ஒருவர் சின்னத் தொழிற்கூடம் நடத்தினார். 1991-இல் அவர் மனைவி முன்னறையில் பழைய புத்தகக் கடை போட்டார். கடை வளர்ந்து நிலையத்தையே நிறைத்துவிட்டது. வண்டிக்குக் காத்திருந்த அறையில் இன்று கணப்படுப்பு எரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

2000-இல் ஏலத்தில் வாங்கிய புத்தகப் பெட்டியின் அடியில் மடித்த தாள் ஒன்று கிடைத்தது. சிவப்பு நிறம், மேலே கிரீடம், 'கீப் காம் அண்ட் கேரி ஆன்'. பதறாமல் உன் வேலையைப் பார் என்று அர்த்தம். 1939-இல் போருக்காக 24 லட்சத்துக்கும் மேல் அச்சடித்து, ஒட்டாமலே பெரும்பாலானவற்றைக் கூழாக்கிய சுவரொட்டி அது. சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். இன்று காபிக் கோப்பை வரை அந்த வாசகம்தான். பூட்டிப் போட்ட நிலையத்திலிருந்து இது வந்திருக்குமா?

தோழி கேட்கலாம், அந்த ஊரில் ரயிலை மீட்கவும் ஆர்வலர்கள் பாடுபடுகிறார்களே என்று. உண்மை, அவர்களுக்குக் கும்பிடு. ஆனால் பழைய தடத்தைப் புறவழிச்சாலை வெட்டிவிட்டதால், அவர்கள் ஊர் ஓரத்தில் வேறு நிலையம் கட்ட வேண்டியதாயிற்று. ரயில் வரட்டும் என்று காத்திருந்தால் பெல் கட்டிய கூரையை யார் ஒழுகாமல் பார்த்திருப்பார்கள்?

இன்னொன்று. அந்தக் கடையில் ரயிலும் ஓடுகிறது. அலமாரிகளின் தலைக்கு மேலே தண்டவாளம் போட்டு, பொம்மை ரயில் சுற்றிச் சுற்றி வருகிறது. தீர்ப்பு எழுதும்போது அந்தச் சாமியையும் கணக்கில் சேருங்கள், நடுவர் அவர்களே. நன்றி.