எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது?

வணக்கம் நேயர்களே. நான் திருவொற்றியூர்க்காரன். எண்ணூர் பக்கம் ஷிப்ட் வேலை. மிச்ச நேரத்தில் நீச்சல், சைக்கிள், ஓட்டம். இந்த மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்து முடிக்கிற போட்டிதான் டிரையத்லான். அதில் நெடுந்தூரப் போட்டிக்கு, வேலைக்குப் போகிற நம்மைப் போன்றவர்கள் எப்படித் தயாராவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். யோசனை கேட்டு வருகிற பையன்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, 'அண்ணே, எந்த சைக்கிள் வாங்கலாம்?' நான் திருப்பிக் கேட்பது, 'எந்த ஊர்ப் போட்டி, எந்த மாசம்?' அது தெரிந்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

முதலில் தூரம். இந்த நெடுந்தூரப் போட்டிக்கு அயர்ன்மேன் என்று பெயர். முழு அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பெரும்பாலான ஊர்களில் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் சரிபாதி 70.3, மைல் கணக்கில் மொத்த தூரம் அது. கிலோமீட்டரில் 1.9 நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், எட்டரை மணி நேரம். 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் முழு தூரப் போட்டி தொடங்கியபோது 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். அந்தத் தீவில் ஏற்கெனவே ஒரு கடல் நீச்சல் போட்டி இருந்தது, தீவைச் சுற்றி ஒரு சைக்கிள் போட்டி இருந்தது, ஹொனலூலு மாரத்தான் இருந்தது. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். ஊரில் இருந்ததை வைத்து உருவான போட்டி. தேர்ந்தெடுக்கும்போது நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நமக்கு வாய்த்த கடல், ரோடு, வெயில், இதற்குத் தோதான போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

வடசென்னையில் நமக்கு வாய்த்தது என்ன? மேடு கிடையாது. மேம்பாலம்தான் நமக்கு மலை. குளிர்ந்த தண்ணீரும் கிடையாது. வெயிலும் புழுக்கமும் தாராளம். நடிகர் மிலிந்த் சோமன் 2015-இல் சூரிச்சில் முழு தூரத்தையும் முடித்த செய்தியைப் படித்துவிட்டு, நேராக ஐரோப்பாவுக்கே போக வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. போகலாம். ஆனால் அங்கே சைக்கிளில் ஏற்றம் ஏற வேண்டும், குளிர்ந்த ஏரியில் வெட்சூட் மாட்டிக்கொண்டு நீந்த வேண்டும். ரப்பர் உடுப்பு அது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும், தோளைத் தூக்கவிடாது, பழகாதவனுக்கு மூச்சு முட்டும். நம் கடலில் அதைப் போட்டுப் பழகினால் வெந்துவிடுவோம். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் இருந்தால் அயர்ன்மேன் போட்டிகளில் நம்மைப் போன்றவர்களுக்கு அதைப் போட்டுக்கொள்ளப் பொதுவாக அனுமதி இல்லை. கோவா, மலேசியாவின் லங்காவி போன்ற இடங்களில் தண்ணீர் அதைவிடச் சூடு. வெயிலில் ஓடுவதற்கு வெளியூர்க்காரன் இரண்டு வாரமாவது உடம்பைப் பழக்க வேண்டும். நமக்கு ஏப்ரல் மாதம் இலவசமாகவே பழக்கிவிடுகிறது. லங்காவி ரோட்டில் மட்டும் ஏற்ற இறக்கம் அதிகம். அதை இரண்டாவது, மூன்றாவது போட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மாசம். கோவாவில் மீராமார் கடற்கரையில் 2019-இல் தொடங்கிய 70.3 போட்டி, அக்டோபர், நவம்பர் வாக்கில் வருகிறது. ஆறு மாதம் பின்னோக்கி எண்ணினால் ஏப்ரல், மே. தொடக்கத்தில் கத்திரி வெயில். அப்போது தூரம் குறைவு, விடிவதற்குள் முடித்துவிடலாம். நீண்ட பயிற்சிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் விழும். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். இதுவே பிப்ரவரி போட்டி என்று வையுங்கள். அதிகத் தூரம் போக வேண்டிய நவம்பர், டிசம்பரில் கடல் கொந்தளிக்கும், ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். வீட்டுக்குள் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி மிதிப்பதுதான் வழி. நம் ஊர்க்காரர்கள் பிப்ரவரிப் போட்டிக்குப் பணம் கட்டுவதை நான் தடுத்துத்தான் பேசுவேன்.

இப்போது நேரக் கணக்கு. இதை எல்லோரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 70.3 போட்டியில் நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கும்போது தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணி தாண்டியிருக்கக் கூடாது. சுமாரான நீச்சல்காரர் 50 நிமிடத்தில் கரை ஏறுகிறார், உடை மாற்ற 8 நிமிடம். சைக்கிளை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 90-க்கு நாலரை மணி நேரம். மொத்தம் 5 மணி 28 நிமிடம். கையில் மிச்சம் 2 நிமிடம். ஒரு பஞ்சர் ஆனால் கதை முடிந்தது. அதே ஆள் மணிக்கு 25 ஓட்டினால் 3 மணி 36 நிமிடம்தான். அப்புறம் ஷூ மாற்றிக்கொண்டு கிளம்பும்போது ஓட்டத்துக்கு 3 மணி 50 நிமிடம் இருக்கும். கிலோமீட்டருக்கு 11 நிமிடம். வேக நடையே ஏறக்குறைய போதும். ஓடத் தெரிந்தவர்கள் ஓட்டத்தையே பழகிக்கொண்டிருப்பார்கள், அதில் ஒரு சுகம் இருக்கிறது. காலக்கெடு கழுத்தைப் பிடிப்பது என்னவோ சைக்கிளில்தான்.

சரி, எங்கே ஓட்டுவது? எண்ணூர் விரைவுச்சாலையில் வேண்டவே வேண்டாம். விடியற்காலை 4 மணிக்கும் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இரண்டு டிரைலருக்கு நடுவில் சைக்கிள் ஓட்டுவது பயிற்சி ஆகாது. மீஞ்சூரிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடியுங்கள். நெமிலிச்சேரி வரை சுமார் 30 கிலோமீட்டர். போய் வந்தால் 60, மறுபடி பாதி வரை போய்த் திரும்பினால் 90. வெயில் ஏறிக் கடல் காற்று திரும்பியதும் எதிர்க்காற்று ஆளைத் தள்ளும். அங்கே குனிந்து ஓட்டிப் பழகினால் மேடு இல்லாத குறை கொஞ்சம் தீரும். கூட்டாளிகளோடு போனாலும் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளியாதீர்கள். இந்தப் போட்டிகளில் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், மீறினால் தண்டனை. முழு தூரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு 200 கிலோமீட்டர் பிரெவே போய்ப் பாருங்கள், காலக்கெடுவுக்குள் முடிக்கிற நெடுந்தூர சைக்கிள் பயணம் அது. பதின்மூன்றரை மணி நேர அவகாசம். 180 கிலோமீட்டர் இருக்கையில் உட்கார முடியுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

கடலைப் பற்றி நிறையப் பேச வேண்டும். குளத்தில் 2 கிலோமீட்டர் நீந்துகிறவரும் கடலில் முதல் 100 மீட்டரில் தடுமாறுவார். சுவர் இல்லை, கோடு இல்லை, கண்ணாடியில் மஞ்சளாகக் கலங்கல் மட்டும். ஏழெட்டு வீச்சுக்கு ஒருமுறை தலையை முழுசாகத் தூக்காமல் கண்ணை மட்டும் நீருக்கு மேல் கொண்டுவந்து, குறியைப் பார்த்து, அப்படியே மூச்சுக்குத் திரும்ப வேண்டும். எங்கள் பக்கம் வடக்கே அனல் மின் நிலையப் புகைபோக்கிதான் குறி. கப்பலைக் குறி வைக்காதீர்கள், அது நங்கூரத்தில் நின்றபடியே திரும்பிக்கொள்ளும். அப்புறம் நீரோட்டம். திருவொற்றியூர் கரையில் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகள் இருக்கின்றன. அந்தக் கல்லை ஒட்டி வெளிப்பக்கமாக இழுப்பு இருக்கும். பக்கத்தில் போகவே கூடாது.

கடல் நாளுக்கு ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு பெரியவரைத் துணைக்குக் கூட்டிப் போவோம். டீசல் காசும் கூலியும் ஆளுக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொள்வோம். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, படகின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கையைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். 'இன்னிக்கு தெக்கேருந்து இழுக்குது தம்பி, அந்தாண்ட போய் இறங்குங்க' என்பார். சில நாள் 'வேணாம், சொறி வந்துகீது' என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஜெல்லிமீனைத்தான் சொல்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான்; எந்தக் கைக்கடிகாரமும் அதைக் காட்டாது. மழை பெய்த வாரத்தில் முகத்துவாரம் பக்கம் இறங்க மாட்டோம், ஊர்ச் சாக்கடை மொத்தமும் அங்கேதான் வரும். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படிந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்களுக்குப் பயிற்சி நின்றது பெரிய விஷயமில்லை, அவருக்குப் பிழைப்பே நின்றது. குளம் வேண்டும் என்றால் பெரியமேட்டில் மை லேடீஸ் பூங்கா மாநகராட்சிக் குளம் நமக்குக் கிட்ட.

ஓட்டத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதவரம் பால்பண்ணைப் பக்கம் மரநிழல் உண்டு. பனிக்காலத்தில் காற்று அசையாத விடியலில் மணலிப் பக்கம் ஓடாதீர்கள், புகை தரையோடு தரையாக நிற்கும். வாரம் ஒருமுறை சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு 20 நிமிடம் ஓடுங்கள். இதற்கு பிரிக் என்று பெயர். கால் மரத்துப் போன மாதிரி இருப்பது முதல் கிலோமீட்டரோடு சரியாகிவிடும் என்று தெரிந்துகொள்ளத்தான் அது.

சாப்பாட்டில் பலர் கோட்டை விடுகிறார்கள். 1 மணி நேரம் பயிற்சி செய்வதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். குடித்த தண்ணீரையும் கணக்கில் சேருங்கள். அதற்காக வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆபத்து. ஓஆர்எஸ் போட்டுக் குடியுங்கள். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் சொச்சம்தான். மாவுச்சத்துக்கென்றே விற்கிற ஜெல் பாக்கெட் விலை கட்டுப்படி ஆகாதவர்கள் வாழைப்பழம், பேரீச்சம்பழம், சர்க்கரை கரைத்த எலுமிச்சைத் தண்ணீர் என்று போகலாம். எதுவானாலும் ஓட்டிக்கொண்டே சாப்பிட்டு வயிற்றைப் பழக்குங்கள். போட்டியன்று புதுசாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

ஷிப்ட் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. பாதி தூரத்துக்கு வாரம் 8 முதல் 10 மணி நேரம் ஒதுக்க முடியும். முழு தூரத்துக்கு 12, 15 என்று போகும். இரவு ஷிப்ட் முடித்த காலையில் நீண்ட சைக்கிள் கூடவே கூடாது, தூக்கக் கலக்கத்தில் லாரி கண்ணுக்குத் தெரியாது. அந்த வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டு நீச்சலோடு நிறுத்துங்கள். நாற்பது தாண்டியவர்கள் பணம் கட்டும் முன் டாக்டரிடம் போய் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பணம் என்றதும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சர்வதேசப் போட்டிகளின் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும். சைக்கிளைப் பெட்டியில் போட்டு அனுப்புவது, தங்குவது எல்லாம் தனிச் செலவு. இது மலைப்பாக இருந்தால் 70.3-இல் ரிலே பிரிவு இருக்கிறது, அதைப் பாருங்கள். காசிமேட்டில் நீந்தி வளர்ந்த ஒரு பையன், வியாசர்பாடியில் பந்து விளையாடி ஓடுகிற ஒருவன், சைக்கிள் வைத்திருக்கிற ஒருவர் சேர்ந்தால் ஒரு அணி. நேரத்தைப் பதிகிற சிப் பட்டையை ஒருவர் கணுக்காலிலிருந்து கழற்றி அடுத்தவர் காலில் கட்ட வேண்டும். அதையும் நாலைந்து தடவை ஒத்திகை பாருங்கள். ஈரக் கையில் அந்தப் பட்டை லேசில் கழன்று வராது.

நன்றி, வணக்கம்.