என் மடிக்கணினியில் மட்டும் திறந்த இணைப்பு

வணக்கம் நண்பர்களே. அக்கா மகள் திருமணத்துக்கு ஒரே பக்கத்தில் ஓர் இணைய அழைப்பிதழ் செய்து கொடுத்தேன். மண்டபத்துக்கு வழி காட்டும் வரைபடத்துக்கு அதில் ஓர் இணைப்பு. என் மடிக்கணினியில் சோதித்தபோது பளிச்சென்று திறந்தது. தளத்தில் ஏற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் பெரியப்பா அழைத்துவிட்டார்: "என்னப்பா, எத்தனை முறை அழுத்தினாலும் அசையவே மாட்டேன் என்கிறது?"

கேமராவைத் திரைப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் இணைப்புக்கான டேக், அதாவது குறி, ஆங்கில 'ஏ' என்ற ஒற்றை எழுத்துதான். ஆங்கர், அதாவது நங்கூரம். கோண அடைப்புக்குறிக்குள் ஏ, ஓர் இடைவெளி, எங்கே போகவேண்டும் என்று சொல்லும் எச்ரெஃப், சமக்குறி, மேற்கோள் குறிகளுக்குள் முகவரி. அடைப்பை மூடியபின் கண்ணில் படவேண்டிய சொற்கள். கடைசியில் சாய்கோட்டுடன் இன்னொரு ஏ. அதை மறந்தால், இதோ, முகூர்த்த நேரம் தொடங்கி விருந்து வரை எல்லாமே நீலமாகி அடிக்கோடு வாங்கிக்கொள்கிறது! உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் உலகுக்குத் திறந்துவிட்ட முதல் தளத்திலும் இதே ஏ, இதே எச்ரெஃப்தான்.

சரி, நான் சொதப்பியது எங்கே? முகவரி 'ஃபைல்' என்று தொடங்கி, சி டிரைவ், டவுன்லோட்ஸ் என்று போகிறது பாருங்கள். அது என் வீட்டு மேசை இழுப்பறை. பெரியப்பாவின் கைபேசி அதை எப்படித் திறக்கும்? வரைபடக் கோப்பை, அழைப்பிதழ்ப் பக்கம் இருக்கும் அதே கோப்புறையில் வைத்து, எச்ரெஃபில் கோப்பின் பெயரை மட்டும் எழுதினேன்.

ஏற்றினேன். 404, அதாவது 'கேட்டது கிடைக்கவில்லை' என்ற பிழை! கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரிய 'எம்'; நான் தட்டியது சின்ன 'எம்'. விண்டோஸ் இதைப் பொருட்படுத்தாது, தளத்தை வைத்திருக்கும் லினக்ஸ் கணினி, அதாவது சர்வர், விடாது. பிற தளத்துக்கு இணைப்பு என்றால் முகவரியின் முன்னால் எச்டிடிபிஎஸ் போன்ற தொடக்கம் கட்டாயம். இல்லாவிட்டால் பிரவுசர் அதையும் நம் கோப்புறையில் உள்ள கோப்பு என்று எண்ணித் தேடும்.

'இங்கே சொடுக்கவும்' என்று எழுதியிருந்ததையும் எடுத்துவிட்டேன். பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்திருப்பவர் இணைப்பு இணைப்பாகத் தாவும்போது வெறும் 'இங்கே' என்று கேட்டால் எங்கே என்று தெரியும்? 'மண்டபத்துக்கு வழி' என்று மாற்றினேன்.

மறுபடி பெரியப்பா. "வழி தெரிகிறதப்பா. மண்டபத்து நம்பரை அழுத்தினால் ஏன் போன் போகவில்லை?" நியாயமான கேள்வி. எச்ரெஃபில் டெல், முக்காற்புள்ளி, பிறகு கூட்டல் குறி, 91-உடன் எண். இதோ, தட்டிக்கொண்டிருக்கிறேன்.