எங்க நின்னாலும் உங்களையே குறி வைக்கிற துப்பாக்கி! பெல்ஃபாஸ்ட் சுவர்களை போட்டோ எடுப்பது எப்படி?

[திரையில்: முகமூடி போட்ட ஆள், கையில் துப்பாக்கி. கேமரா மெதுவாக நகர்கிறது.]

இந்த ஆளைப் பாருங்க. இடது பக்கம் போங்க, துப்பாக்கி உங்களைப் பாக்குது. வலது பக்கம் போங்க, அப்பவும் உங்களைத்தான் பாக்குது. ரோட்டைத் தாண்டி ஓடினாலும் விடாது. வட அயர்லாந்துல, பெல்ஃபாஸ்ட் நகரத்துல, ஷாங்கில் பக்கம் ஒரு வீட்டுச் சுவர்ல வரைஞ்ச படம் இது. இதுக்குச் செல்லப்பேரு 'பெல்ஃபாஸ்ட் மோனாலிசா'. மோனாலிசாவாவது சிரிச்சுக்கிட்டு பாப்பாங்க!

வணக்கம் மக்களே. வரலாறை ஒரே மூச்சுல சொல்லிடுறேன். பிரிட்டனோடயே இருக்கணும்னு ஒரு தரப்பு, பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். அயர்லாந்தோட சேரணும்னு இன்னொரு தரப்பு, பெரும்பாலும் கத்தோலிக்கர். 1960கள் கடைசில ஆரம்பிச்சு முப்பது வருஷ மோதல், 3,500 பேருக்கு மேல சாவு. 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி அன்னைக்கு ஒப்பந்தம். முடிஞ்சது. சண்டை போச்சு, ரெண்டு தரப்பும் சுவர்ல வரைஞ்ச படங்கள் போகல.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். எனக்குத் தூக்கம் கெட்டதே இதனாலதான். நிஜத் துப்பாக்கிய ஒருத்தர் உங்க பக்கம் நீட்டுறார்னு வைங்க. நீங்க ரெண்டு அடி தள்ளினா குழாயோட பக்கவாட்டு தெரியும். சுவர்ல அது நடக்காது. ஓவியர் குழாயோட வாயை மட்டும் நேரா உங்களைப் பாக்குற மாதிரி வரைஞ்சிருக்கார். பக்கவாட்டுன்னு ஒண்ணு அந்தச் சுவர்லயே கிடையாது. அப்புறம் எங்க நின்னாலும் வாய்தானே தெரியும்? வீட்டு கூடத்துல மாட்டின தாத்தா படம் நாம போற பக்கமெல்லாம் முறைக்குமே, அதே கதை. நம்பலைன்னா வீடியோவை நிறுத்திட்டு, நேரா பாக்குற சாமி படம் போட்ட காலண்டர் முன்னாடி நடந்து பாருங்க. நான் வெயிட் பண்றேன்.

[திரையில்: காலண்டர்]

பாத்தீங்களா! போட்டோவுக்கு இதுல ஒரு லாபம் இருக்கு. இந்த மாதிரி படத்தை நேருக்கு நேர் நின்னு எடுக்கணும்னு கட்டாயமே இல்ல. பத்து அடி பின்னாடி, கொஞ்சம் பக்கவாட்டுல நில்லுங்க. பக்கத்து வீட்டு ஜன்னல் திரை, குப்பைத்தொட்டி, கொடில காயுற துணி எல்லாம் ஃப்ரேமுக்குள்ள வரட்டும். அப்பவும் துப்பாக்கி லென்ஸைத்தான் பாக்கும். ஆனா அதுக்குக் கீழதான் ஒரு குடும்பம் தினமும் பால் வாங்குதுன்னு இப்பத்தான் தெரியும். சுவரை மட்டும் வெட்டி எடுத்தா அது போஸ்டர். அதைப் போஸ்ட்கார்டாவே கடையில வாங்கிக்கலாம்.

குனிஞ்சும் எடுங்க. நடைபாதை ஓரக்கல்லுல பெயின்ட் இருக்கும். சிவப்பு, வெள்ளை, நீலம்னா பிரிட்டன் பக்கம். பச்சை, வெள்ளை, ஆரஞ்சுன்னா அயர்லாந்து பக்கம்.

என் ஃபேவரிட் ஆனா ரோடு போர்டுதான். டெர்ரின்னு வட அயர்லாந்துலயே இன்னொரு ஊர். லண்டன் வணிகச் சங்கங்கள் பணம் போட்டு அங்க குடியேற்றம் நடத்தினதால, 1613ல அரச சாசனத்துல அது 'லண்டன்டெர்ரி' ஆச்சு. இன்னைக்கும் நெடுஞ்சாலை போர்டுல யாரோ வந்து 'லண்டன்' மேல மட்டும் பெயின்ட் அடிச்சிருப்பாங்க. ரயில்வே ஸ்டேஷன் பேர்ப்பலகைல தார் பூசின ஊர்க்காரங்க நாம, நமக்கு விளக்கம் வேணுமா? ரெண்டு தரப்பும் கோவிச்சுக்கக் கூடாதுன்னு டெர்ரி, ஒரு சாய்கோடு, லண்டன்டெர்ரின்னு எழுத ஆரம்பிச்சாங்க. ஜெரி ஆண்டர்சன்னு ஒரு ரேடியோக்காரர் ஊர் பேரையே 'ஸ்ட்ரோக் சிட்டி' ஆக்கிட்டார். சாய்கோட்டூர்! மனுஷன் ஜீனியஸ்.

சிறையில 66 நாள் உண்ணாவிரதம் இருந்து 1981ல இறந்த அயர்லாந்து தரப்புக் கைதி பாபி சாண்ட்ஸ் படம் பெல்ஃபாஸ்ட்ல ஃபால்ஸ் ரோட்டுல இருக்கு, எல்லாரும் எடுப்பாங்க, நீங்களும் எடுத்துக்கோங்க. மேகமூட்டம்னு அலுத்துக்காதீங்க, சுவர்ல நிழல் விழாம நிறம் சீரா வரும். ஆளுங்களை எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

ஒரு வேலை மட்டும் மறக்காதீங்க: தேதி எழுதி வைங்க. 2006ல கலை மன்றம் பணம் கொடுத்து, பல இடத்துல துப்பாக்கிப் படத்தை மாத்தி வேற படம் வரைய வச்சாங்க. டோனி க்ரௌலின்னு ஒருத்தர் 1979ல இருந்து எடுத்த போட்டோக்கள் இன்னைக்கு ஆவணக் காப்பகமா இருக்கு.

[திரையில்: பள்ளிச் சீருடையில் சிறுமி, தலைக்கு மேல் பட்டாம்பூச்சி]

டெர்ரில பாக்சைட்ங்கிற பகுதில இந்தப் படம். 1971ல சுட்டுக் கொல்லப்பட்ட 14 வயசு அனெட் மக்காவிகன். 1999ல வரைஞ்சப்போ பட்டாம்பூச்சிக்குக் கலர் அடிக்கல, வெறும் கோடுதான். சமாதானம் நிலைக்கும்னு ஓவியர்களுக்கு நம்பிக்கை வந்த பிறகு, 2006லதான் அடிச்சாங்க. அதனால தேதி போடாத பழைய போட்டோ கைக்கு வந்தா நான் அந்தப் பொண்ணு தலைக்கு மேலதான் முதல்ல பாப்பேன், கலர் இருக்கா இல்லையான்னு.