கண் இமையில மஞ்சப் படிவா? பார்லருக்கு முன்னாடி லேப்புக்குப் போங்க

வணக்கம்ங்க. மாட்டுங்கா மார்க்கெட்ல நடந்துக்கிட்டே பேசுறேன், பூக்காரங்க சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

எங்க பெரியம்மாவுக்கு மூக்கை ஒட்டின பக்கம், மேல் இமையில, மஞ்சளா தட்டையா ஒரு படிவு. வலி இல்ல, அரிப்பு இல்ல. பார்லர்ல, "ஊசியால குத்தி எடுத்துடலாம் ஆன்ட்டி"ன்னு சொல்லியிருக்காங்க. வேண்டவே வேண்டாம்னுட்டேன். பிதுக்கினா வெளிய வர்ற சமாச்சாரமே இல்லங்க அது. கொழுப்பை முழுங்கின வெள்ளணுக்கள் தோலுக்குள்ளயே தங்கிப்போறது. டாக்டருங்க ஸாந்தெலாஸ்மான்னு சொல்வாங்க.

அப்போ கொலஸ்ட்ரால் ஜாஸ்தின்னுதானே அர்த்தம்? இது வர்றவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தத்துல கொலஸ்ட்ரால் நார்மலாத்தான் இருக்கும். அதுக்காக விட்டுட முடியாது. கோபன்ஹேகன்ல 1976-லேர்ந்து 12,000 பேருக்கு மேல முப்பது வருஷத்துக்கும் மேல கவனிச்சிருக்காங்க. 2011-ல ரிசல்ட் வந்துச்சு: கொலஸ்ட்ரால் அளவைத் தனியா கணக்குல எடுத்துட்டுப் பார்த்தாலும், இமையில இந்தப் படிவு இருந்தவங்களுக்கு ஹார்ட் அட்டாக் ஆபத்து கூடுதல். கருவிழியைச் சுத்தி வருமே வெள்ளை வளையம், அதுக்கு அப்படி ஒண்ணும் தெரியல. ஆய்வு டென்மார்க்காரங்க மேல நடந்தது, சரி. ஆனா நம்ம வீடுகள்ல சுகரும் பிரஷரும் என்ன குறைச்சலா?

அதனால முதல்ல லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தத்துல கொழுப்பு எவ்வளவுன்னு பார்க்குற டெஸ்ட். கூடவே சுகர், தைராய்டு, லிவர். சின்ன வயசுலயே படிவு வந்திருக்கு, அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ சீக்கிரமே ஹார்ட் அட்டாக் வந்திருக்குன்னா, அதை டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. பரம்பரையா வர்ற கொலஸ்ட்ராலா இருக்கலாம். பெரியம்மாவுக்கு எல்.டி.எல்.ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறித்தான் இருந்துச்சு, மாத்திரை ஆரம்பிச்சாச்சு. மாத்திரை இதயத்துக்குங்க. இமையில இருக்குறது அதுல கரையும்னு பெருசா எதிர்பார்க்காதீங்க.

எடுத்தே ஆகணும்னா வழி இருக்கு. ஸ்கின் டாக்டர் டி.சி.ஏ.ன்னு படிவைப் பொசுக்குற ஒரு ஆசிட் தடவுவாரு, சில சிட்டிங் ஆகும். லேசர் இருக்கு. பெருசா இருந்தா ஆபரேஷன். இமையில தோல் ரொம்ப மெல்லிசு. அதிகமா வெட்டிட்டா கீழ் இமை வெளிப்பக்கமா திரும்பிக்கும். நம்ம நிறத்துக்கு ஆசிட், லேசர் பட்ட இடம் வெளுத்தோ கறுத்தோ போறதும் உண்டு. 1976-ல வந்த ஒரு ஆய்வுல, வெட்டி எடுத்தவங்கள்ல 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்திருக்கு. "ஒரே சிட்டிங், திரும்ப வரவே வராது"ன்னு போர்டு பார்த்தா கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.

பூண்டு அரைச்சு இமையில பூசுற வீடியோ ஓடிக்கிட்டிருக்கே, தயவுசெஞ்சு செய்யாதீங்க. பூண்டு தோலைப் பொசுக்கும், அதுவும் கண்ணுக்குப் பக்கத்துல!

கடைசியா காசு விஷயம். அழகுக்காகப் பண்றதுன்னு இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் தர மாட்டாங்க. எத்தனை சிட்டிங், மொத்தம் எவ்வளவு, திரும்ப வந்தா மறுபடி காசு வாங்குவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.