செதுக்காமல் விட்ட 27 கற்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் என் வணக்கம்.

'நம் மரபு நடனங்களின் ஆன்மிகம் வாழ்வது நூலிலா, ஆடியவர்களிடமா?' என்பது இன்றைய தலைப்பு. நான் ஆடியவர்கள் பக்கம் நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம்தான் ஊற்று என்றார். பரதநாட்டியம், ஒடிசி, கதகளி எல்லாம் அதிலிருந்து பிரிந்த வாய்க்கால்கள் என்றார். நூல் இல்லையென்றால் ஆட்டம் மிஞ்சும், ஆன்மிகம் மிஞ்சாது என்று முடித்தார்.

சரி, அந்த நூலையே முதலில் எடுத்துக்கொள்வோம். பிரம்மா நான்கு வேதங்களிலிருந்தும் எடுத்து ஐந்தாவதாக நாட்டிய வேதத்தைப் படைத்த கதையை ஐயா சொன்னார். ரிக்கிலிருந்து சொல், சாமத்திலிருந்து பாட்டு, யஜுரிலிருந்து அபிநயம், அதர்வத்திலிருந்து ரசம். உண்மைதான். ஆனால் எதற்காகப் படைத்தார் என்பதையும் அதே முதல் அத்தியாயம் சொல்கிறது. வேதத்தைக் கேட்க உரிமை இல்லாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வேண்டியிருந்தது. நூலின் முடிவுப் பகுதிக்குப் போனால், முனிவர்களைக் கேலி செய்து ஆடிய பரதரின் மக்களை, நீங்கள் சூத்திரர்களாகப் போங்கள் என்று முனிவர்கள் சபிக்கிறார்கள். ஆடுபவர்கள் சமூகத்தில் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை அந்த நூலே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அவந்தி, தாட்சிணாத்யம், பாஞ்சாலி, ஒட்ரமாகதி என்று நான்கு வட்டார வழக்குகளைப் பரதர் பிரித்துச் சொல்கிறார். தென்னாட்டாரிடம் ஆடலும் பாடலும் வாத்தியமும் மிகுதி என்கிறார். எப்படித் தெரிந்தது அவருக்கு? இங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆடியதைப் பார்த்துத்தான் நூல் எழுதப்பட்டது. வாய்க்கால் என்று நீங்கள் சொன்னவைதான் ஆறுகள், எதிரணித் தலைவர் அவர்களே.

இப்போது தஞ்சாவூருக்கு வாருங்கள். பெரிய கோயில் கருவறையைச் சுற்றி மேல்தளத்தில் நாட்டிய சாஸ்திரத்தின் கரணங்களை, அதாவது கையும் காலும் சேர்ந்த ஆடல் நிலைகளை, சிவனே ஆடுவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். நூலில் உள்ள கரணங்கள் 108. அங்கே இருப்பவை 81. மீதி 27 கற்கள் செதுக்கப்படாமல் அப்படியே நிற்கின்றன. ஏன் நின்றுபோனது என்ற ஆராய்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். அதே கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து ராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேரின் பட்டியல் அது. ஒவ்வொருத்திக்கும் பெயர் உண்டு. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. ஆளுக்குப் பங்கு ஒன்று, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்துபோனால் அவளுடைய அடுத்த முறைக்காரர் அந்தக் காணி உரிமையைப் பெற்று ஆட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளை வைத்துப் பணி நடத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

நடுவர் அவர்களே, இதை நான் படித்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். கரண வரிசை முடியாமல் நின்றால் வழிபாடு நின்றுவிடாது. ஆனால் தளிச்சேரியில் ஒரு வீடு காலியானால் அடுத்து யார் என்று அரசன் கல்லில் வெட்டி வைக்கிறான். ஆட்டம் எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கும் வெகுகாலம் முன்னால், சிலப்பதிகாரத்தில், மதுரையின் ஆயர் சேரியில் ஒரு காலை விடிகிறது. குடத்துப் பால் உறையவில்லை. காளையின் கண்ணில் நீர் வடிகிறது. ஏதோ கேடு வரப்போகிறது என்று கண்ணகிக்கு அடைக்கலம் தந்த இடைச்சி மாதரி பயப்படுகிறாள். கண்ணகி பார்க்கக் குரவை ஆடுவோம், கறவையும் கன்றும் துயர் நீங்கட்டும் என்கிறாள். ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையும் அவர்களுக்கே வைக்கிறாள். ஒருத்தி மாயவன், ஒருத்தி பலராமன், ஒருத்தி நப்பின்னை. கைகோத்து ஆடுகிறார்கள். இலக்கணம் அங்கே இல்லையா? இருக்கிறது! அந்தப் பெண்களே சுரங்களாக நிற்கிறார்கள். மோர் விற்கிற பெண்கள், மாடு மேய்க்கிற வீட்டுப் பெண்கள். பயம் வந்தது, கடவுளைக் கூப்பிட வேண்டியிருந்தது, ஆடினார்கள்.

அப்புறம் கேரளத்தின் வடமலபார். நான் அதிகம் மனம் வைத்திருப்பது அங்கேதான். கண்ணூர், காசர்கோடு பக்கத்தில் துலா மாதம், நம் ஐப்பசி, பத்தாம் தேதிவாக்கில் தெய்யக் காலம் தொடங்கும். மனிதர் தெய்வமாக ஆடுகிற சடங்குதான் தெய்யம். ஆடுபவர்கள் வண்ணான், மலையன், வேலன் முதலிய சமூகத்தார். ஒரு காலத்தில் பல கோயில்களின் வாசல்படி அவர்களுக்கு மூடியிருந்தது. தெய்வத்தின் கதையான தோற்றம் பாடுகிறார்கள், முகத்தெழுத்து என்று முகத்தில் வண்ணம் தீட்டுகிறார்கள், முடி என்கிற தலையணியை ஏற்றுகிறார்கள். கடைசியாக ஒரு கண்ணாடியைக் கையில் கொடுக்கிறார்கள். அதில் தன் முகத்தைப் பார்க்கிற மனிதர், அங்கே தெய்வத்தைப் பார்க்கிறார். அந்த நொடியிலிருந்து அவர் தெய்யம். ஊரில் பெரிய வீட்டுக்காரரும் அவர் முன்னால் கைகூப்பி நின்று குறையைச் சொல்லி, மஞ்சள் குறிப் பிரசாதம் வாங்கிக்கொண்டு போகிறார்.

பொட்டன் தெய்யத்தின் கதை எதிரணிக்கும் தெரிந்திருக்கும். வழியில் எதிர்ப்பட்ட தாழ்த்தப்பட்டவரைச் சங்கராச்சாரியார் விலகச் சொல்கிறார். உங்களை வெட்டினாலும் ரத்தம்தானே, எங்களை வெட்டினாலும் ரத்தம்தானே, அப்புறம் என்ன வித்தியாசம் என்று தோற்றம்பாட்டு கேட்கிறது. அத்வைதம் படித்தவருக்கு அத்வைதத்தைச் சொல்லிக்கொடுத்தவர், வழியைவிட்டு விலகு என்று சொல்லப்பட்டவர். அதை இன்றுவரை ஆடிக்காட்டுகிறவர்களும் அப்படி விலக்கப்பட்ட மக்களே. நூலில்தான் ஆன்மிகம் என்றால், இதை எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

நம் பக்கம் மட்டும் என்ன? திருநெல்வேலிச் சீமையில் சுடலைமாடன் கொடைவிழா என்றால் கணியான் கூத்து வேண்டும். மகுடம் என்கிற பறையை அடிக்க, அண்ணாவி என்கிற தலைமைப் பாடகர் கதை பாட, பெண் வேடமிட்ட இருவர் ஆடுவார்கள். நள்ளிரவில் கணியான் தன் கையைக் கீறி ரத்தம் தருகிற சடங்கு உண்டு. அதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு நடுங்கும். சங்கீத நாடக அகாடமி செவ்வியல் நடனம் என்று ஏற்ற எட்டின் பட்டியலில் தெய்யமும் கிடையாது, கணியான் கூத்தும் கிடையாது. பட்டியல் ஒரு வசதி, அவ்வளவுதான். தெய்வம் அதைப் பார்த்து இறங்குவதில்லை.

அந்தப் பட்டியலுக்குள்ளும் ஆட்களைத்தான் பார்க்கிறேன். அசாமில் சங்கரதேவர் தொடங்கிய சத்ர மடங்களில் துறவிகள் தலைமுறை தலைமுறையாக ஆடிக் காத்தது சத்ரியா. மணிப்பூரில் 1779இல் மன்னர் பாக்யசந்திரா காலத்தில் கண்ணன் கதையை ஆடும் ராசலீலை வந்தது. அதற்கு முன்பே லாய் ஹரோபா என்ற தெய்வத் திருவிழாவில் மைபிகள் என்ற பூசாரிப் பெண்கள் உலகம் பிறந்த கதையை ஆடிக்கொண்டிருந்தார்கள். கண்ணன் புதிதாக வந்தபோது அந்தப் பழகிய உடம்பில்தான் வந்து இறங்கினான். சலங்கை கட்டாமல், தரை நோகாமல் அடி வைக்கிற அந்த நடையைப் பாருங்கள். காலை ஓங்கித் தட்டுகிற நம் அடவும் அதுவும் ஒரே பக்திதான். ஆனால் மண் வேறு, உடம்பு வேறு. பன்மை வந்தது அங்கிருந்துதான். லக்னோவில் நவாப் வாஜித் அலி ஷா ராதை கண்ணன் கதையை அரங்கேற்றினார். மதத்தின் வேலியைக்கூட ஆடுபவர்கள் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

எதிரணி ஒரு வலுவான கேள்வி கேட்டார்கள். அதை நான் தாண்டிப் போகமாட்டேன். 'ஆடிய பெண்களைப் போற்றுகிறீர்களே, அவர்கள் பட்ட பாடு தெரியாதா?' தெரியும். பெண்குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் அவர்களின் வாழ்க்கையைப் பறித்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காகப் போராடினார், 1947இல் சென்னை மாகாணத்தில் தடைச்சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வேண்டியதுதான், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து அந்தப் பெண்களின் வித்தையையும் இழிவாகப் பார்த்தோமே, அந்தத் தப்பு நம்முடையது. அவர்கள் ஆடிய ஆட்டத்தின் சதிர் என்ற பெயரே கூசியது நமக்கு. 1930களில் பரதநாட்டியம் என்று பெயர் மாற்றி, நூலின் பெருமையைப் போர்த்தி மேடையேற்றினோம்.

அப்போதும் அதைக் கையில் வைத்திருந்தவர்கள் யார்? வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி, நடன ஆசான்களான தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பப் பிள்ளையிடம் கற்றவர். 1975இல் தமிழிசைச் சங்கத்தில் அவர் பேசியது என்ன? ஒரு கச்சேரி வரிசை ஒரு பெரிய கோயில் என்றார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் அடுத்த மண்டபம், வர்ணத்தில் கருவறைச் சந்நிதி. கோயிலுக்குள் ஆட வழியில்லாமல் போன ஒரு குலத்தில் பிறந்தவர், கோயிலையே தன் ஆட்டத்துக்குள் வைத்துக் காட்டினார். இதை அவர் எந்த சாஸ்திரத்திலிருந்தும் எடுத்துச் சொல்லவில்லை. ஆடி ஆடிக் கண்டது.

கடைசியாக ஒடிசாவின் பூரி. ஜகந்நாதர் முன்னால் மஹரிகள் என்ற கோயில் நடனப் பெண்கள் ஆடினார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஜெயதேவர் பாடிய கீதகோவிந்தம் அவர்களுடைய சேவையில் கலந்திருந்தது. அந்த மரபின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த சசிமணி தேவி 2015 மார்ச்சில் மறைந்தார். கீதகோவிந்தம் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. எந்தப் புத்தகக் கடையிலும் வாங்கலாம். அந்தச் சந்நிதியில் இன்று மஹரியின் ஆட்டம் இல்லை.

நடுவர் அவர்களே, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். வணக்கம்.